பழைய ஜிம்னியா, டெரியோஸா, கிராண்ட் விட்டாராவா: டர்பனில் வண்டி தேடிய கதை

டர்பன் துறைமுகப் பக்கம் போனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் வரிசையாக நிற்கும். பார்த்ததும் கை அரிக்கும், அதில் ஒன்றை அடிமாட்டு விலைக்கு எடுத்துவிடலாமே என்று. முடியாது. அவை அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் போகிற சரக்கு. வெளிநாட்டுப் பழைய வண்டியை இறக்கி இங்கே பதிவு செய்ய, சில விதிவிலக்குகள் தவிர, அனுமதி கிடையாது. ஆக, தென்னாப்பிரிக்காவிலேயே புதிதாக விற்று, இங்கேயே ஓடித் தேய்ந்த வண்டிகள்தான் நமக்கு. நான் பார்த்தது மூன்று: சுசூகி ஜிம்னி 1.3, டைஹாட்சு டெரியோஸ் 1.5, சுசூகி கிராண்ட் விட்டாரா. இரண்டு மாதச் சனிக்கிழமைகள் இதற்கே போயின, வீட்டில் திட்டும் கிடைத்தது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. டிராகன்ஸ்பர்க் மலை, அங்கிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் கணவாய், வருடத்துக்கு ஒருமுறை வடக்கே டெம்பே யானைப் பூங்காவின் மணல். மிச்ச நாளெல்லாம் வீடு, அலுவலகம், சாட்ஸ்வொர்த் கடைத்தெரு. பக்கி எடு என்றவர்களும் உண்டு (இங்கே பிக்கப்புக்கு அதுதான் பெயர், நம்மூர் பக்கி இல்லை). காவடி நாளில் கோயில் தெருவில் அதை எங்கே நிறுத்துவது?

மலை என்று வந்துவிட்டால் ஜிம்னிதான். தனி சேஸி, முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது), எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். சானி பாஸ் உச்சி 2,876 மீட்டர். அந்த உயரத்தில் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட கால் பங்கு பலத்தை இழந்துவிடும். ஜிம்னிக்கு இருப்பதே 62.5 கிலோவாட், அதிலும் கால் பங்கு போனால் என்ன மிஞ்சும் என்ற பயத்தோடுதான் நண்பரின் வண்டியில் ஏறினேன். லோ ரேஞ்ச் போட்டதும் மாட்டுவண்டி வேகத்தில், கிளட்சை எரிக்காமல், ஊசி வளைவுகளில் அது பாட்டுக்கு ஏறியது.

அதே வண்டியை என்3 நெடுஞ்சாலையில் ஜோஹன்னஸ்பர்க் வரை ஓட்டினால் தெரியும் சங்கதி. வான் ரீனன் ஏற்றத்தில் லாரிக்காரன் பின்னாலிருந்து விளக்கடிப்பான். பின்சீட்டை நிமிர்த்தினால் டிக்கியில் 113 லிட்டர்தான் இடம். குக்கரும் ஐஸ் பெட்டியும் வைத்ததும் முடிந்தது, ஸ்டவ் யார் மடியிலாவது.

பழைய ஜிம்னியில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது முன்சக்கர உதறல். 70, 80 வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஆடும். பெரும்பாலும் கிங்பின் பேரிங் (முன்சக்கரம் திரும்பும் அச்சில் இருப்பது) தேய்மானம், அல்லது சக்கர பேலன்ஸ். இதை மறைக்கச் சிலர் புது ஸ்டியரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் உருளை) போட்டுவிடுவார்கள். என்னோடு வந்த மெக்கானிக் அண்ணனுக்குத் தமிழ் கோயில் அளவுக்குத்தான் வரும், ஆனாலும் ஒரு வாசகம் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, பெயிண்ட் பாக்காதே, கீழே படு." படுத்தேன். எல்லாம் துருவும் சேறுமாக இருக்க, டேம்பர் மட்டும் புத்தம்புதிதாக மின்னியது. எழுந்து வந்துவிட்டோம்.

2018-இல் வெளிவந்த புது ஜிம்னி 1.5 இன்னும் நல்ல வண்டி, டிக்கி இன்னும் சின்னது, 85 லிட்டர். ஆனால் பழசாக விற்றாலும் விலை இறங்க மாட்டேன் என்கிறது. விட்டுவிட்டேன்.

டெரியோஸை நான் குறைவாக நினைத்திருந்தேன். நாலு கதவு, உட்கார வசதி, நாலு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை, நடு டிஃபரென்ஷியலை (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் பல்சக்கர அமைப்பு) பூட்ட ஒரு பட்டன். லோ ரேஞ்ச் இல்லை, அதனால் செங்குத்தான கல் பாதையில் கிளட்ச் நாற்றம் வரும். டைஹாட்சு இந்த நாட்டை விட்டே போய்விட்டது என்று பலர் பயமுறுத்துவார்கள். எஞ்சின் விஷயத்தில் அவ்வளவு பயம் வேண்டாம், டொயோட்டா அவான்ஸா 1.5-இலும் அதே எஞ்சின்தான். பாடி, கண்ணாடி, உள் அலங்காரச் சாமான்களுக்குத்தான் பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டும்.

இதில் ஒரு கூத்து. ஒரு விற்பனையாளர் ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கர இழுவை) என்று விளம்பரம் போட்டிருந்தார், பின்கதவில் ஸ்டிக்கர்கூட இருந்தது. குனிந்து பார்த்தால் முன்சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டே இல்லை, வெறும் பின்சக்கர வண்டி! கேட்டதற்கு, "மலைக்கு இதுவே போதும் சார்" என்றார். சானி பாஸில் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்ட ஃபோர் பை ஃபோர் கட்டாயம், டெம்பேயிலும் அப்படியே. அங்கே போய் ஸ்டிக்கரைக் காட்டவா?

கிராண்ட் விட்டாரா (ஐந்து கதவு, 2005-க்குப் பிந்தையது) எனக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. நிரந்தர ஃபோர் வீல் டிரைவ், நடு டிஃப் லாக், கூடவே லோ ரேஞ்ச், நீண்ட பயணத்துக்கு வேண்டிய நிதானமும் உண்டு. குறை பெட்ரோல்தான். 2.4 எஞ்சின் நூறு கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஜிம்னி நுழையும் சந்தில் இது திணறும், நீளம் அப்படி. முன் டிஃபரென்ஷியலில் ஊளைச் சத்தம் வருகிறதா என்று ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். நாலு டயரும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். இல்லையென்றால் நடு டிஃப் ஓயாமல் வேலை செய்து தேயும். டெரியோஸுக்கும் இதே பேச்சுத்தான்.

காகிதம்: பதிவுச் சான்றிதழில் கோட் 3 என்றிருந்தால் விபத்திலோ வேறு எதிலோ சிதைந்து மறுபடி கட்டிய வண்டி, பேரம் பேசக்கூட நிற்காதீர்கள். பெயர் மாற்ற ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதி) சான்றிதழ் வேண்டும், அதை விற்பவர் தலையில் கட்டுங்கள். கடனில் வாங்கினால் லெசோத்தோ எல்லை தாண்ட வங்கியின் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு பேர் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நல்ல ஜிம்னி 1.3. காசு குறைவு, கல் பாதை வேண்டாம், மண் ரோடு போதும் என்றால் டெரியோஸ், குனிந்து ஷாஃப்டைப் பார்த்த பிறகு. நாங்கள் நாலு பேர், கிராண்ட் விட்டாரா 2.4 மேனுவல் எடுத்தோம். பின்டயர் இரண்டும் வேறு பிராண்டு, அதைக் காட்டியே நாலு புது டயருக்கான காசை விலையில் குறைத்தேன். ரோட்டில் ஜிம்னி போனால் மனைவி மட்டும் இன்னும் திரும்பிப் பார்க்கிறாள்.