வன்னி மழையும் வாகன ஹீற்றரும்

மார்கழி மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது எல்லோரும் நன்றாக நனைந்துவிட்டோம். கிளிநொச்சிக்குத் திரும்ப வேண்டும். வாடகை வானின் முன்கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்து ரோடே தெரியவில்லை. சாரதி அண்ணை ஏ.சி.யைப் போட்டதும் கண்ணாடி தெளிந்தது, ஆனால் பின் சீற்றில் ஈரச் சேலையோடு இருந்த அம்மாவுக்கு உதறத் தொடங்கியது.

"அண்ணை, கொஞ்சம் சூட்டைத் திருப்பி விடுங்கோ."

"தம்பி, இந்த வானுக்குள்ளை ஹீற்றர் வேலை செய்யாது. முந்தி வச்சிருந்தவை எஞ்சின் சுடுதண்ணி ஹீற்றருக்குப் போற பைப்பைக் கழற்றிப்போட்டினம்."

புதுக்குடியிருப்பு, விசுவமடு தாண்டிப் பரந்தன் சந்தி வரும்வரை ஏ.சி.யைப் போடுவதும் நிறுத்துவதுமாகவே வந்தோம். போட்டு வைத்திருந்தால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் ஆவி பிடிக்கும். நிறுத்தினால் உள்பக்கம் பிடிக்கும். காற்றில் உள்ள ஈரத்தை ஏ.சி. எடுக்க, அதே காற்றை ஹீற்றர் சூடாக்கி அனுப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடியும் தெளியும், ஆட்களும் விறைக்க மாட்டார்கள். வெயில் ஊரில் ஹீற்றர் எதற்கு என்றுதான் கழற்றியிருப்பார்கள். மழைக்காலத்தில் அது எவ்வளவு தேவை என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் சாரதி அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியில் தனக்குத் தெரிந்த கராஜுக்குப் போனார். தகரக் கூரை, இரண்டு வாகனம் நிற்கக்கூடிய இடம். மெக்கானிக் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். பொனெற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இதிலை தெர்மோஸ்டாட்டும் இல்லை" என்றார்.

எஞ்சின் குளிராக இருக்கும்போது அதன் தண்ணீரை, ஆறவைக்கும் ரேடியேற்றர் பக்கம் போகவிடாமல் தடுக்கும் சின்னக் கதவுதான் தெர்மோஸ்டாட். பெரும்பாலும் 80 பாகைக்கு மேலேதான் திறக்கும். எஞ்சின் கொதித்துவிடும் என்ற பயத்தில் எங்கள் பக்கம் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும், எண்ணெய் (பெற்றோல், டீசல்) கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் சுற்றி, கொதிப்பு இன்னும் கூடுவதும் உண்டு. இதையெல்லாம் அந்தத் தம்பி பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரொறன்ரோவில் நிற்கும் என்னுடைய கார் நினைவுக்கு வந்தது. போன குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 15 என்றால், வேலைக்குப் போய்ச் சேரும்வரை உள்ளே இளஞ்சூடுதான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கும்போது அவளுடைய கை விறைத்திருக்கும். அங்கே சேவிஸுக்குக் கொடுத்த இடத்தில், "புதிய கார்கள் எல்லாமே இப்படித்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தம்பியிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஹைவேயிலை ஓடேக்கை சூட்டு முள்ளு கீழை இறங்குதோ?"

இறங்கும். ட்ராபிக்கில் நின்றால் ஏறும், வேகமாக ஓடினால் இறங்கும்.

"அப்ப தெர்மோஸ்டாட் திறந்தபடி இறுகிப்போச்சுது அண்ணை. முதல் அதை மாத்திப் பாருங்கோ."

ரொறன்ரோவில் சொன்னதும் முழுப் பொய் அல்ல. காரின் உள்ளே வரும் சூடு எஞ்சின் வீணாக்கும் சூடுதான். இப்போதைய எஞ்சின்கள் சிறியவை, எண்ணெயை வீணாக்காதவை, அதனால் மிச்சச் சூடும் குறைவு. டீசலில் இன்னும் குறைவு என்பதால்தான் பல டீசல் கார்களில் மின்சாரச் சூடாக்கி ஒன்றையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். ஹைபிரிட்டில் எஞ்சின் இடையிடையே நின்றும்விடும். எங்களோடு வந்திருந்த ஒஸ்லோ மச்சானிடம் முழு மின்சாரக் கார் இருக்கிறது. ஏறி இரண்டு நிமிடத்தில் சூடு வந்துவிடுமாம், ஆனால் அது பற்றரியிலிருந்து போவதால் குளிர்காலத்தில் ஓடும் தூரம் குறையும் என்றார். சரி, மெதுவாகச் சூடாவதற்கு ஞாயமான காரணம் இருக்கலாம். ஆனால் முக்கால் மணித்தியாலம் ஓடியும் சூடு வராவிட்டால் அது பழுதுதான். அதைப் பார்க்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்புவது எனக்கு இன்னும் மனவருத்தம்.

வானுக்குத் தெர்மோஸ்டாட் போட்டு, ஹீற்றர் பைப்பையும் திரும்பப் பொருத்த மத்தியானம் ஆகிவிட்டது. ரேடியேற்றரில் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்துக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்புப் படிந்து முதலில் அடைபடுவது ஹீற்றரின் சின்னக் குழாய்கள்தான் என்று சாரதி அண்ணைக்கும் சொல்லி அனுப்பினார். கேட்ட கூலி குறைவு. நான் கூடக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

இலங்கையில் 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் ஊரில் வாடகைக்கு ஓடுபவை பெரும்பாலும் பல கை மாறிய பழைய வான்கள். மார்கழி, தையில் போகிறவர்கள் வாடகை பேசும்போதே ஹீற்றர் வேலை செய்யுமா, முன்கண்ணாடிக்குக் காற்று வருமா என்று கேளுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் கட்டாயம் கேளுங்கள்.

கடைசி நாள் விடியற்காலையில் அதே வானில்தான் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியபோது நல்ல மழை. கண்ணாடி தெளிவாக இருந்தது. வழியனுப்ப வந்த அம்மா ஓமந்தை வருமுன்பே நித்திரையாகிவிட்டார்.

ரொறன்ரோ வந்து அடுத்த கிழமை தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். இப்போது பத்து நிமிடத்தில் முள்ளு நடுவுக்கு வந்து அங்கேயே நிற்கிறது. அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "கூலன்டும் மாத்தினீங்களோ அண்ணை?" என்று உடனே பதில் வந்தது.