ரூமுக்கு நாலு ஸ்டார், ரிசப்ஷனுக்கு ஒன்று

ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தோம். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு லாட்ஜ், பெயர் வேண்டாம். டபுள் ரூம் 1,400 ரூபாய். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான், ஆனால் நன்றாகக் கொதிக்கக் கொதிக்க வருகிறது. பெட்ஷீட் வெள்ளையாக, சோப்பு வாசனையோடு இருந்தது. ரூமைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் கீழே ரிசப்ஷனில். மாஸ்க்டு ஆதாரை நீட்டினேன், அதாவது கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மாதிரி ஆதார் வெப்சைட்டிலேயே இறக்கிக்கொள்ளலாமே, அது. "இதுல நம்பரே முழுசா இல்லையே சார், ஒரிஜினல் குடுங்க" என்றான் பையன். இதுவும் ஒரிஜினல்தான் தம்பி என்றால், "ஓனர் திட்டுவாரு சார்". தங்குகிறவன் யார் என்று லாட்ஜ்காரருக்குத் தெரியவேண்டும், அதை நான் மறுக்கவே இல்லை. நாளைக்கே ரூமில் ஏதாவது விபரீதம் நடந்தால் போலீஸ் முதலில் புரட்டுவது அந்த ரெஜிஸ்டரைத்தான். ஆனால் அதற்கு டிரைவிங் லைசென்ஸ் போதும். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஹோட்டல்களெல்லாம் ஆதார் நகல் வாங்கி வைக்கக்கூடாது என்று ஒரு அறிவிப்பு விட, மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கினார்கள், அந்தக் கூத்தும் நடந்தது. கடைசியில் லைசென்ஸுக்கு ஒப்புக்கொண்டு, தன் சொந்த போனிலேயே படம் எடுத்துக்கொண்டான். மனைவியுடையதையும்.

உறவு என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுதச் சொன்னார்கள். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல், அதுவும் கோவை விடுதி ஒன்றின் வழக்கில், சொன்னது இங்கே யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது. அந்த ரெஜிஸ்டர் கவுண்டரில் விரித்தபடியே கிடக்கிறது, முந்தின நாள் வந்தவர்களின் பெயர், போன் நம்பர் எல்லாம் டீ வாங்கிவர நிற்கிறவன்கூடப் படிக்கலாம்.

மறுநாள் டீ, டிபன் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். திருப்பிப் பார்த்தால் யாரோ ஒரு அம்மாவின் ஆதார் ஜெராக்ஸ், நாலாகக் கிழித்தது. பாதி முகம், வீட்டு எண், தெருப் பெயர். "பேப்பர் வீணாகுதுல்ல சார்." 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அது டிஜிட்டல் தரவுக்குத்தான், இந்த மாதிரி ஜெராக்ஸ் தாள் அதில் வராது. சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்து நானே குப்பையில் போட்டேன்.

அப்புறம், கிளம்பும்போது எங்கள் படங்களை அழிக்கச் சொன்னேன். பையன் நல்லவன், என் கண்முன்னாலேயே அழித்தான். "ஆனா நேத்தே ஓனர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன் சார்" என்றான்.