தபால் ஓட்டா, வாக்குச்சாவடியா?

இரண்டுக்கும் முதல் படி ஒன்றுதான்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பதிவுக்கான கெடு பல நாடுகளில் தேர்தலுக்கு வெகு முன்பே முடிந்துவிடும், அதனால் இன்றே பார்த்துவிடுங்கள்.

வாக்குச்சாவடியின் பெரிய பலம் ரகசியம். 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகள் கொண்டுவந்த ரகசிய வாக்குமுறையின் உயிரே அந்த மறைப்புதான். உள்ளே நீங்கள் மட்டும். வீட்டாரோ முதலாளியோ எட்டிப் பார்க்க முடியாது. சீட்டில் தவறாகக் குறித்துவிட்டாலும், பெட்டியில் போடுவதற்குள் சொன்னால் பல இடங்களில் வேறு சீட்டு தருவார்கள்.

தபாலில் அந்த மறைப்பு, உடன் இருப்பவர்களின் நாகரிகத்தைப் பொறுத்தது. எனக்கு உறுத்துவது இதுதான். ஆனால் படுக்கையில் இருப்பவருக்கும் வெளியூரில் வேலை பார்ப்பவருக்கும் அதை விட்டால் வழியில்லாமல் போகலாம். அவசரமில்லாமல் வேட்பாளர்களைப் பற்றிப் படித்துவிட்டுக் குறிக்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2000 அதிபர் தேர்தலையே தபால் வழியாக நடத்தியது. சரி, சிக்கல் எங்கே? பல நாடுகளில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், உறையில் கையெழுத்து விடுபட்டாலோ, தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ ஓட்டு எண்ணப்படாமல் போகலாம். சில இடங்களில் சாட்சிக் கையெழுத்தும் கேட்பார்கள்.

நேரில் போக முடிந்தால் சாவடிக்கே போங்கள். எந்த அடையாள அட்டை செல்லும் என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். தபால்தான் என்றால், சீட்டு வந்த ஓரிரு நாளில் நிரப்பி அனுப்பிவிடுங்கள்.