ஏபிஎஸ் மாட்யூலும் ஆறாவது ஸ்க்ரூவும்: நாலு வருஷ அனுபவம்

போன வாரம் மச்சான் போன் பண்ணினான். "மாமா, உங்க வண்டிக்கு வந்த அதே வியாதி இப்ப எனக்கும் வந்திருச்சு. வண்டி சூடானதும் ஏபிஎஸ் லைட் எரியுது, ஸ்பீடோமீட்டர் முள்ளு பொத்துனு விழுந்துடுது. மாட்யூலை ரிப்பேருக்கு அனுப்பலாமா?"

"வண்டியை வித்துடு" என்றேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

அவனும் என்னைப் பார்த்து அதே மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கியவன் என்பதால் முழுக் கதையையும் எழுதிவைப்பது என் கடமை. ஏபிஎஸ் என்பது சடன் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கிற ஏற்பாடு; அதன் மூளையான எலக்ட்ரானிக் பெட்டிதான் மாட்யூல். இந்த மாடலில் ஸ்பீடோமீட்டருக்கு வேகத்தைச் சொல்வதும் அதுதான். கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறேன்; கோபித்துக்கொண்டு நாளைக்குக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போனால் ஆபீசுக்கு யார் கொண்டுபோய் விடுவது? 2009 மாடல் டீசல் செடான், ஓடியது 1,68,000 கிலோமீட்டர். இதுவரை இன்ஜினைத் திறந்ததில்லை. மைலேஜ், ஏசி, சீட் பற்றியெல்லாம் ஊரே எழுதித் தீர்த்துவிட்டது.

இன்றைக்கு 2018 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 2009-ல் அப்படி எதுவும் கிடையாது. கூடுதலாகப் பணம் கட்டி மேல் வேரியண்ட் எடுத்தவனுக்குத்தான் அது கிடைத்தது. இந்தத் தலைவலியை நான் காசு கொடுத்து வாங்கினேன் என்று வீட்டில் அடிக்கடி நினைவூட்டப்படுகிறது.

2021 ஏப்ரலில் ஆரம்பித்தது. தாம்பரத்தில் கிளம்பி ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் தாண்டும்போது லைட் எரியும், முள் பூஜ்யத்துக்குப் போகும். எங்காவது நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும். சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுவிட்டு வந்தால் அது ராத்திரி முழுக்க ஆறிப்போய் நிற்கும். காலையில் அவர்கள் பார்க்கும்போது கோளாறே இருக்காது. "ஒண்ணும் இல்லையே சார்" என்று மூன்று முறை சொன்னார்கள். நான்காவது முறை, சும்மா அனுப்பக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, முன் இடது சக்கரத்தின் வேகத்தை அளக்கிற வீல் சென்சரை மாற்றி 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் வண்டலூரில் லைட் எரிந்தது.

கண்டுபிடித்தது என் மனைவியின் ஹேர் டிரையர். இன்ஜின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது இக்னிஷனை மட்டும் ஆன் செய்துவிட்டு, மாட்யூலின் மேல் சூடான காற்றை அடித்தேன். ஆறாவது நிமிஷம் லைட் வந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினேன், போய்விட்டது. மச்சான், உன் வண்டியிலும் முதலில் இதைச் செய். அதற்கும் முன்னால் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல், எர்த் வயர் மூன்றையும் பார்த்துவிடு. ஒரு விஷயம்: வண்டியில் செருகிக் கோளாறைப் பார்க்க ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டர் பெரும்பாலும் இன்ஜினின் கோளாறுக் குறியீடுகளைத்தான் படிக்கும். என்னிடம் இருந்தது 'யு0121' என்று காட்டியது. ஏபிஎஸ் கன்ட்ரோல் மாட்யூலோடு பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஏன் பேசவில்லை என்று கேட்க ஏபிஎஸ்ஸுக்குள் நுழையத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். அந்த ஸ்கேனர் கேட்டாலும், பேசாதவன் காரணம் சொல்வானா?

புது யூனிட்டுக்கு 58,000 சொன்னார்கள், அதுவும் ஹைட்ராலிக் பிளாக்கோடு (பிரேக் ஆயில் ஓடுகிற, வால்வுகள் உள்ள உலோகக் கட்டை) சேர்த்துத்தான் தருவார்களாம். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது 5,000-க்குக் கிடைத்தது. லேபிளில் இருந்த பார்ட் நம்பர்கூட ஒத்துப்போனது. ஆனால் அது வேறொரு வண்டியின் விவரங்களை மனப்பாடம் செய்துவைத்திருக்கும். நம் வண்டிக்கு ஏற்றபடி கோடிங் செய்ய மறுபடியும் சர்வீஸ் சென்டர் வாசலில்தான் நிற்க வேண்டும். அதே வயசு மாட்யூல், அதே வியாதி நாளைக்கு அதற்கும் வரலாம். சொந்த மாட்யூலையே ரிப்பேர் செய்தால் இந்தக் கோடிங் தொல்லை இல்லை, உள்ளே இருக்கும் தகவல் அப்படியே இருக்கும். அதனால் கோயம்புத்தூரில் இதையே தொழிலாகச் செய்யும் ஒருவருக்குக் கூரியர் பண்ணினேன். 6,500 ரூபாய், ஒன்பது நாள்.

அந்த மனிதரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயே வராது. மூடியை வட்டமாக அறுத்து எடுத்து, உள்ளே எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உள்ளே பீங்கான் போர்டு. அதையும் கனெக்டர் பின்களையும் இணைப்பது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த அலுமினியக் கம்பிகள். மேலே ஜெல்லி மாதிரி சிலிக்கோன். வண்டி சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பன்னிரண்டு வருஷத்தில் கம்பி அடிக்கால் பகுதியில் விரிசல் விட்டிருந்தது. சூட்டில் விரியும்போது தொடுப்பு விட்டுப்போகும், ஆறினால் தொட்டுக்கொள்ளும். டீ குடித்தால் சரியானதன் ரகசியம் அதுதான். சாதாரண சால்டர் அலுமினியத்தில் ஒட்டாது. பீங்கானோ சால்டரிங் ஐயனின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் போர்டை முன்கூட்டியே சூடேற்றி, பழைய கம்பிகளை எடுத்துவிட்டு, புதுக் கம்பி போட்டுத் தந்தார். மூடியை ஒட்ட அவர் பயன்படுத்திய சிலிக்கோன் பசையில் வினிகர் வாடை இல்லை. அந்த வாடை வருகிற பசை காயும்போது அமிலம் விடும், உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். மலிவாகச் செய்து தருகிறவர்களிடம் கொடுத்தால், திரும்பி வந்ததும் மோந்து பார்.

இனி அந்த ஸ்க்ரூ.

மாட்யூல் ஹைட்ராலிக் பிளாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வால்வுகளின் உருக்குத் தண்டுகள் பிளாக்கில், அவற்றை இழுக்கிற காயில்கள் மாட்யூலில். ஆகவே எலக்ட்ரானிக்ஸை மட்டும் தனியாகப் பிரிக்கலாம், பிரேக் பைப் எதையும் தொட வேண்டாம், ஆயில் ஒரு சொட்டு சிந்தாது, பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையும் இல்லை. எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! முதல் முறை இதைப் புரிந்துகொண்டபோது டிசைன் செய்தவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது. பேட்டரியைக் கழற்று, வயர்கள் வந்து சேருகிற கப்ளரின் லீவரைத் தூக்கு, டி20 டார்க்ஸ் ஸ்க்ரூ (தலையில் நட்சத்திரக் குழி இருப்பது) ஆறு. ஐந்து ஸ்க்ரூ பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

ஆறாவது, பிளாக்கின் பின்பக்கக் கீழ் மூலையில், ஃபெண்டர் தகட்டுக்கும் இரண்டு பிரேக் பைப்புக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. விரல் போகும், விரலோடு எந்த டூலும் போகாது. ராட்செட் போகாது, எல் கீ திரும்பாது. பல் டாக்டரின் கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்துத்தான் அதன் தலையையே பார்த்தேன். அந்த ஒரு ஸ்க்ரூவுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் எல் கீயைக் குட்டையாக அறுத்து, ஒவ்வொரு தடவையும் கால் சுற்றில் கால் சுற்றாகத் திருப்பி எடுத்தேன். குலுக்க நினைத்த கையை இப்போது முறிக்கத் தோன்றியது.

ஒன்பது நாள் பிளாக்கின் மேல் பிளாஸ்டிக் உறை கட்டிவைத்து, பஸ்ஸில் போய்வந்தேன். மாட்யூல் வந்ததும் தண்டுகளின் மேல் நேராக உட்காரவைத்து (அழுத்தினால் காயில் கோணிவிடும்) ஐந்து ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கினேன். ஆறாவதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். முட்டி தோலுரிந்து இருந்தது. மணி சாயங்காலம் ஆறு. அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிட்டு பானெட்டை மூடினேன்.

கொஞ்ச தூரம் ஓட்டியதும் லைட் அணைந்தது. முள் எழுந்து நின்றது. ஊருக்கு வெளியே காலி மனையில் ஜல்லி மேல் ஓட்டி, வேண்டுமென்றே பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று பெடல் 'டரடர'வென்று காலை உதைத்ததே, அந்த உதைக்கு 6,500 தரலாம். இரண்டு வருஷம் வண்டி பொன்னாக இருந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் "புதுசு வாங்காதீங்க, ரிப்பேர் பண்ணுங்க" என்று சொல்லித் திரிந்தேன். மச்சானிடமும் அப்போதுதான் சொல்லியிருப்பேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது, வெள்ளம் சக்கரத்தின் பாதிக்குக்கூட வரவில்லை. ஆனால் இரண்டு நாள் விடாத மழை. இந்த மாடலில் வைப்பருக்கு அடியிலிருந்து வடிகிற தண்ணீர் எங்கே விழுகிறது தெரியுமா? அதே பின்மூலையில். மழை விட்ட வாரம் லைட் எரிந்தது. இந்த முறை டீ குடித்தாலும் போகவில்லை.

மறுபடி கோயம்புத்தூர். மறுபடி வாட்ஸ்அப் படம்: ஒரு மூலை மட்டும் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. கூடவே அவர் போன்.

"சார், ஆறு ஸ்க்ரூவும் போட்டீங்களா?"

"போட்டேனே."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். அந்த மூலையில் ரப்பர் சீல் அழுந்தாமல் இருந்திருக்கிறது, தண்ணீர் அதன் வழியாக ஏறியிருக்கிறது. அவர் திட்டவில்லை. "எல்லாரும் அதைத்தான் சார் விட்டுடுறாங்க" என்றார். பாதிக் காசுதான் வாங்கினார்.

தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: எல்லாரும் விட்டுவிடுகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூவை வைத்து, அதற்கு நேர் மேலே தண்ணீர் வடிகிற வழியையும் வைத்தவனுக்குப் பங்கே இல்லையா? ஃபேக்டரியில் பிளாக்கும் மாட்யூலும் ஒன்றாகப் பூட்டி, பிறகுதான் வண்டியில் இறக்குவார்கள். அவர்களுக்கு ஆறும் ஒரே மாதிரி சுலபம். கழற்றுகிறவனை யாரும் நினைக்கவில்லை.

2024-ல் ஆர்சி புதுப்பிக்க வேண்டிய வருஷம். லைட் எரிகிற வண்டியை ஆர்டிஓ ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. எனவே இந்த முறை ஆயுதம் செய்தேன். டி20 பிட் (ஸ்க்ரூடிரைவரில் மாட்டுகிற முனை) ஒன்றை கிரைண்டரில் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு அறுத்து, கால் இன்ச் ரிங் ஸ்பேனருக்குள் செருகினேன். முதல் பிட் அறுக்கும் சூட்டில் நீலம் பாரித்து, ஸ்க்ரூவில் வைத்துத் திருப்பியதும் முறுக்கிக்கொண்டது. இரண்டாவதைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அறுத்தேன். ஆறாவது ஸ்க்ரூ அதன் இடத்தில் உட்கார நாற்பது நிமிஷம். 2024 பிப்ரவரியிலிருந்து லைட் ஒரு தடவைகூட எரியவில்லை. ஆர்சி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று.

மார்க் போடச் சொன்னால், ரிப்பேர் வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. கூட்டிக் கழித்து இரண்டு முறையும் சேர்ந்து பத்தாயிரத்துக்குள் முடிந்தது, அதுவும் 58,000 கேட்ட இடத்தில். பிரேக் இன்றைக்கும் புது வண்டி மாதிரி. ஆனால் மச்சானுக்குச் சொல்லும் பதில் மாறவில்லை: வண்டியை வித்துடு.

இதைப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த ஸ்பேனரை மட்டும் ரெண்டு நாளைக்குக் குடுங்களேன் மாமா" என்கிறான்.

ஸ்பேனர் தர முடியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா. ஹேர் டிரையரை உன் அக்காவிடம் நீயே கேட்டு வாங்கிக்கொள்.