திருச்சியில் அப்பாவுக்கு எடுத்த நெஞ்சு ஸ்கேன்

டொரண்டோவிலிருந்து மூன்று வாரம் லீவில் திருச்சி போனதில் ஒரு வாரம் ஸ்கேன் சென்டரிலும் ஆஸ்பத்திரியிலுமே போய்விட்டது. அப்பாவுக்குக் கிட்னி மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது, டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் என்று எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரைகள் தினமும் உண்டு. நான் போய் இறங்கியபோது பத்து நாளாக வறட்டு இருமல், லேசான காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, நார்மல்தானாம் என்றார் அம்மா. ஆனால் உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுகிற ஆக்சிமீட்டர், கொல்லை வரை நடந்து திரும்பினால் 88 காட்டியது.

கிட்னி டாக்டருக்குப் போன் போட்டோம். இவர் மாதிரி ஆட்களுக்கு எக்ஸ்ரேயை மட்டும் நம்ப முடியாது, எச்.ஆர்.சி.டி. (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டுகிற சி.டி. ஸ்கேன்) எடுங்கள், கான்ட்ராஸ்ட் என்கிற சாய ஊசி வேண்டாம் என்றார்.

வேகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். காலை 10 மணிக்கு முன்பதிவு இல்லாமல் போனோம், 11-க்குள் முடிந்தது. 'மூச்சை இழுத்துப் பிடிங்க ஐயா' என்றபோது அப்பாவுக்கு இருமல் வந்து இரண்டாம் தடவை எடுத்தார்கள். மதியமே பெரிய கவரில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் கையில்.

வினை கவுன்டரில்தான். அங்கிருந்த பெண் 'காய்ச்சல், இருமல்' என்று மட்டும் தட்டிவிட்டார், கிட்னி மாற்றியது ஏறவே இல்லை, நானும் கவனிக்கவில்லை. இரண்டு நுரையீரலிலும் கிரவுண்ட் கிளாஸ், வைரஸ் நிமோனியாவாக இருக்கலாம் என்று ரிப்போர்ட். கிரவுண்ட் கிளாஸ் என்றால் வேறொன்றுமில்லை, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கல், ஆனால் உள்ளே ரத்தக்குழாய்கள் தெரியும். கோவிட் சமயத்தில் ஊரே கற்றுக்கொண்ட வார்த்தை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு வருகிற நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைத் தொற்றிலும் இதே மங்கல்தான் வரும். அதாவது, யாருடைய நெஞ்சு என்று தெரியாமல் படத்தைப் படிக்க முடியாது.

மாத்திரைச் சீட்டோடு திரும்ப ஓடினேன். ரேடியாலஜி டாக்டரே வெளியே வந்து, "இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டார். மறுபடி படத்தைத் திறந்து பார்த்து, முதலில் நியூமோசிஸ்டிஸைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். மறுநாள் அட்மிஷன், குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அதுவே உறுதியானது. இந்தத் தொற்று வராமல் இருக்கக் கொடுத்து, போன வருஷம் நிறுத்தியிருந்த செப்ட்ரான் மருந்தை இப்போது பெரிய டோஸில் ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஒன்று, ஃபிலிமோடு நிற்காமல் ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட அதுதான் வேண்டும், கேட்காவிட்டால் பல இடங்களில் தருவதில்லை.