யெட்டியா, மாமத்தா?

2024இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்த என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணி, முதல் சீசன் முழுக்க வெறும் 'யூட்டா ஹாக்கி கிளப்' என்றே ஆடியது. நிரந்தரப் பெயருக்கான ரசிகர் வாக்கெடுப்பில் அதிகம் அடிபட்ட பெயர்களில் இரண்டு, யெட்டியும் மாமத்தும்.

யெட்டி கூப்பிடச் சின்னது, பனிக்கும் பொருத்தம். ஆனால் அது இமயமலைப் பனிமனிதன் கதை. அதைவிடப் பெரிய சிக்கல், ஐஸ் பெட்டியும் குவளையும் விற்கும் யெட்டி நிறுவனம் ஏற்கெனவே இருந்தது. பெயரைப் பதிய வணிகமுத்திரை அலுவலகம் மறுத்தது. நிறுவனத்தோடு பேச்சும் படியவில்லை. தொப்பி, குவளையில் அச்சடிக்க முடியாத பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாமத், அதாவது அழிந்துபோன பழங்கால யானையினம், வாய்க்குக் கொஞ்சம் கனம்தான். சரி, ஊர்ச் சொந்தம் உண்டே! 1988இல் யூட்டாவின் ஹண்டிங்டன் பள்ளத்தாக்கில், அணை வேலையின்போது, மாமத் எலும்புக்கூடே கிடைத்தது. 2025 மே மாதம் அந்தப் பெயரையே அறிவித்தார்கள். சின்னத்தில் தந்தம் ஆங்கில 'யூ' எழுத்தாக வளைகிறது. யெட்டியிடம் அதற்கு ஏது தந்தம்?