பழைய ஜென்னும் காய்ந்துபோன வேக்கம் ஹோஸ்களும்

பழைய மாருதி ஜென் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா அண்ணா என்று சென்ற வாரம் ஒரு நண்பர் கேட்டார். 98 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, ஒரே ஓனர், விலையும் படிந்துவரும் போலத் தெரிகிறது. என்னிடம் அதே காலத்து ஜென் பல வருஷமாக இருப்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். இன்ஜின் எப்படி, கியர்பாக்ஸ் எப்படி, துரு எங்கே பிடிக்கும் என்று வரிசையாக விசாரித்தார். பானெட்டுக்குள் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாமல் ஓடும் கறுப்பு ரப்பர் வேக்கம் ஹோஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை. எனக்கோ இந்த வண்டியில் சொல்ல இருப்பதில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் வண்டிக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். 993 சிசி, முழு அலுமினிய இன்ஜின், 50 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லாத எண்தான். ஆனால் வண்டியின் எடை குறைவு. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி, குன்னூர் ஏறும்போது இரண்டாவது கியரில் இது இழுக்கிற சந்தோஷத்தை எனக்கு வேறு எந்தச் சின்ன வண்டியும் தரவில்லை. பவர் ஸ்டீயரிங் கிடையாது. அதனாலேயே ரோடு கைக்குத் தெரியும். கியர் போடும்போது மணிக்கட்டை அசைத்தால் போதும். 1993-ல் வந்த டிசைன் இது, ஐரோப்பாவுக்கு ஆல்டோ என்ற பெயரில் ஏற்றுமதியும் ஆனது. இந்த இன்ஜினின் அடிப்படையில் நான் இதுவரை ஒரு குறையும் கண்டதில்லை.

அப்புறம் இந்த ஹோஸ்கள்.

இதில் சங்கடம் என்னவென்றால், ஹோஸ் கெட்டுப்போனால் ஹோஸ் கெட்டுவிட்டது என்று வண்டி சொல்லாது. ஏசி போட்டுக்கொண்டு அவிநாசி ரோடு சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஆஃப் ஆகும். இன்னொரு மாதம் மைலேஜ் குறைந்திருக்கும், பிக்கப் மந்தமாக இருக்கும், ஆனால் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது இன்ஜின் ஓடுவது, சீராகவே இருக்கும். வேறொரு சமயம் பிரேக் பெடல் இறுகும். மூன்றும் மூன்று நோய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்றுமே என் வண்டியில் ஹோஸ் விரிசலாகத்தான் முடிந்தது.

காரணம் எளிதானது. பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, காற்று போகும் வழியில் இருக்கும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் வெளிக்காற்றைவிட வெகுவாகக் குறைந்துவிடும். அந்த வெற்றிடத்தைத்தான் பழைய வண்டிகளில் வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள். பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடிமனான ஹோஸ். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில், பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளும் அட்வான்ஸுக்கு ஒரு சின்ன ஹோஸ். ஏசி போட்டதும் ஐடிலைத் தூக்கிப் பிடிக்கும் அமைப்புக்கு வால்வு வழியாக இன்னும் இரண்டு மூன்று துண்டுகள். எதில் விரிசல் விழுந்தாலும் அதன் வேலை நிற்கும். கூடவே கார்புரேட்டர் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் கலவையைக் கெடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸ் மட்டும் விதிவிலக்கு. பல கார்புரேட்டர்களில் அதன் துளை த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே இருக்கும், ஐடிலில் அங்கே வெற்றிடம் இருக்காது. அதனால் அந்த ஹோஸ் கிழிந்தாலும் நின்ற இடத்தில் வண்டி நன்றாகவே ஓடும். ரோட்டில் அரை ஆக்சிலரேட்டரில் போகும்போதுதான் அட்வான்ஸ் கிடைக்காமல் பெட்ரோல் வீணாகும். ட்யூனிங் செய்பவர் ஷெட்டில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கவே மாட்டார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நான் விட்ட ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதலில் கார்புரேட்டரைக் கழற்றிக் கிட் மாற்றினார்கள். சரியாகவில்லை. ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை ஏற்றினார்கள். காற்று அதிகமாகப் போவதை மறைக்கப் பெட்ரோலைக் கூட்டினார்கள். கடைசியில், "கார்புரேட்டரே போச்சுங்க சார், வேற போட்டுரலாம்" என்றார்கள். கார்புரேட்டரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி விரிசல் விட்ட ஹோஸ் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்ரோலைக் கூட்டியதால் புகைச் சோதனையிலும் சிஓ (கார்பன் மோனாக்சைடு) ஏறிப்போனது. 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு 3 சதவீதம்தான் வரம்பு. ஒரு ஹோஸைப் பார்க்காததால் இத்தனை செலவு, இத்தனை அலைச்சல்.

டைமிங் பெல்ட்டை கிலோமீட்டர் பார்த்து மாற்றுகிறோம், கூலன்ட் மாற்றுகிறோம், பிளக் மாற்றுகிறோம். வேக்கம் ஹோஸை மட்டும் இன்ஜினோடு பிறந்து இன்ஜினோடு போகும் உறுப்பு என்று எல்லோரும் வைத்திருக்கிறார்கள். இதில் வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரப்பரின் குணம் அது. வருஷக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்தால் அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்கள் போய்விடும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சேர்ந்து மேல்தோலை இறுக்கிவிடும். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் 25 வருஷத்தில் இதுதான் கதி.

ஹோஸைக் கழற்றும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையான சேதம் பெரும்பாலும் கழற்றும்போதுதான் நடக்கிறது. பிடித்து இழுக்கவே கூடாது. காய்ந்த ஹோஸ், அதைச் சொருகியிருக்கும் நிப்பிளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நிப்பிளும் டீ ஜாயின்ட்டும் பிளாஸ்டிக் என்றால் அவையும் அதே வயசுதான், அவையும் முறுக்கு மாதிரி உடையும். என் வண்டியில் முதல் ஹோஸைத் தொட்டபோது அது வளையவில்லை. விரல் பட்ட இடத்தில் பொடியாகக் கறுப்பு ஒட்டியது. நுனியில், நிப்பிள்மேல் விரிந்து நின்ற பகுதியில், நீளவாக்கில் மயிரிழை போல நாலைந்து கோடுகள். லேசாக மடக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். இதற்கு பிளேடுதான் சரி. ஹோஸின்மேல் நீளவாக்கில் கீறி, நிப்பிளில் கீறல் விழாமல் பார்த்து, தோலை உரிப்பது போல எடுத்துவிட வேண்டும். ஒரு ஹோஸைக் கழற்றி அதன் இடத்தில் புதுசைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். தொடங்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் மாட்டிக்கொண்டால் ஒரு தற்காலிக வழி உண்டு. விரிசல் பெரும்பாலும் நுனியில்தான் இருக்கும். நீளம் மிச்சமிருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி சொருகினால் வீடு வந்து சேரலாம். வீடு வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

லீக்கைக் கண்டுபிடிக்க, கார்ப் கிளீனரை அங்கங்கே அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இருக்கிறது. பலன் கிடைக்கும், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதை அடிப்பது நெருப்போடு விளையாட்டு. ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் ஹோஸ்களின்மேல் நகர்த்தினால் போதும். லீக் இருக்கும் இடத்தில் உஸ் என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். பிரேக் பூஸ்டருக்கு இன்னும் சுலபம். இன்ஜினை நிறுத்திவிட்டு பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகிறது.

வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜ் ஒன்று வாங்கியது இந்த வண்டிக்காக நான் செய்த மிக நல்ல செலவு. கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 22 அங்குலம் (பாதரச அளவில்) காட்ட வேண்டும், முள் ஆடாமல் நிற்க வேண்டும். உயரம் ஏற ஏற, 1,000 அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். கோவையில் 19 காட்டும் இன்ஜின் ஊட்டியில் 13-ஐ ஒட்டித்தான் காட்டும், அது கோளாறு இல்லை. ஆனால் மலையில் பூஸ்டருக்குக் கிடைக்கும் உதவியும் அந்த அளவு குறைகிறது. அந்தக் குறைவோடு விரிசல் விட்ட ஹோஸும் சேர்ந்து, அப்படியே குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பிரேக் ஹோஸ் விஷயத்தில் தள்ளிப்போடுவது என்ற பேச்சே கூடாது.

எந்த ஹோஸ் வாங்குவது? கடையில் கேட்டால் கலர் கலராக சிலிகான் ஹோஸை நீட்டுவார்கள். சூடு தாங்குவதில் அதை அடிக்க ஆளில்லை, 200 டிகிரி வரை தாங்கும். ஆனால் எண்ணெய், பெட்ரோல் ஆவி பட்டால் ஊதிப்போகும். டிஸ்ட்ரிபியூட்டர் மாதிரி வெறும் காற்று போகும் இடத்துக்குப் போடலாம். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் எண்ணெய் கலந்த காற்று போகும் பிசிவி ஹோஸுக்குப் போடவே கூடாது, அங்கே எண்ணெய் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். சுவர் மெலிசான சிலிகான் வாங்கினால் வெற்றிடத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், விரலால் நசுக்கிப் பார்த்துத் தடிமனானதை வாங்குங்கள். பூஸ்டருக்கு பிரேக் பூஸ்டர் ஹோஸ் என்று கேட்டே வாங்க வேண்டும், அதற்குள் இருக்கும் ஒருவழி வால்வையும் சேர்த்து. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் தேடினால் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ஜென்னிலிருந்து கழற்றிய ஹோஸை வாங்குவதில் அர்த்தமே இல்லை, அதுவும் அதே அளவு வெந்ததுதான். கை வைத்ததும் வைத்தாயிற்று என்று பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது, அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மொத்தமாக மாற்றிய பிறகு என் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. ஏசி போட்டால் ஐடில் தானாக ஏறுகிறது. சிக்னலில் நிற்பதில் பயமில்லை. அரை ஆக்சிலரேட்டரில் அந்தப் பழைய துடிப்பு திரும்பிவிட்டது. எல்லாம் சேர்த்து ஆன செலவு, அந்த ஒர்க்‌ஷாப் கேட்ட கார்புரேட்டர் விலையின் பக்கத்தில்கூட வராது.

இத்தனையும் சொன்ன பிறகு நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இது நல்ல வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு சாயங்காலம் வந்து எடுத்துப் போகிறவர். இந்த வண்டிக்கு மாதம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து ஹோஸை மடக்கிப் பார்க்கிற ஓனர் வேண்டும். அப்படி ஒருவர் கையில் இல்லாவிட்டால், சில நூறு ரூபாய் ரப்பருக்காகப் பல ஆயிரம் செலவழித்துவிட்டு, கடைசியில் இன்ஜினே சரியில்லை என்று இரும்புக் கடைக்கு அனுப்புவார்கள். நல்ல ஜென்கள் பல அப்படித்தான் போயிருக்கின்றன. 20 வருஷம் தாண்டிய காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க 10,000 ரூபாய் என்று 2025-ல் ஆக்கிவிட்டதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அப்படியும் வாங்குவேன் என்று நின்றால், பேரம் பேசும் முன்பே பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸின் நுனியை லேசாக மடக்கிப் பார்க்கட்டும். கோடு தெரிகிறதா என்று கவனித்துவிட்டு பூஸ்டர் ஹோஸையும் பார்க்கட்டும். இரண்டும் புதுசாக இருந்தால், அந்த ஓனர் சொல்கிற மற்ற விஷயங்களையும் நம்பலாம்.